துருவில்லாத உடம்பு

தூத்துக்குடியில் இப்போதெல்லாம் யாரும் "சாப்பிட்டாச்சா?" என்று விசாரிப்பதில்லை. "துரு எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். மணிக்கட்டில் கட்டியிருக்கும் துருமானியைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். நாம் இழுக்கும் ஆக்சிஜன் உடலுக்குள் எரியும்போது, அடுப்பில் பொறி தெறிப்பதுபோல் கொஞ்சம் சிதறி உயிரணுக்களைச் சுடுகிறது. அந்தச் சேதத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர் துரு. எண் முப்பதைத் தாண்டினால் விளக்கு சிவக்கும். சிவந்தவரை ஊர் நோயாளியாகவே பார்க்கும்.

துரு ஏறாமலிருக்க வீட்டுக்கு வீடு கனிமக் குழாய் உண்டு. செலினியம், துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு எல்லாம் அவரவர் உடம்புக்கு ஏற்றபடி இம்மியளவு கலந்து வரும். ஒரு நோயும் இல்லாதவர்கள்கூட அதை மடக்மடக்கென்று குடித்தார்கள்.

எமரன்சியாவும் அப்படித்தான். கரைமீட்புப் படையில் சேர அவளுக்குக் கொள்ளை ஆசை. வயது வரம்புப்படி இந்த ஆண்டுதான் கடைசி வாய்ப்பு. தினமும் விடிந்ததும் கடலில் நீந்துவாள். கரையேறியதும் விளக்கு சிவக்கும். பதறிப்போய்க் கனிம நீரைக் குடித்துப் பச்சையாக்கிவிட்டுத்தான் மறுவேலை. எத்தனை மாதம் நீந்தியும் வேகம் கூடவே இல்லை.

அப்போது ஒரு புயலில் கனிமக் குழாய்கள் உடைந்தன. பழுது பார்க்க ஏகப்பட்ட நாளாயிற்று. வெறும் தண்ணீர் குடித்து நீந்தியவளின் வேகம் வாரத்துக்கு வாரம் ஏறியது.

அவள் கணவன் லம்பர்ட் கனிமக் கலவை நிலையத்தில் பொறியாளன். அவனுக்கு விஷயம் புரிந்துபோயிற்று.

"ஏ பிள்ள, உடம்ப வருத்துனா கொஞ்சம் துரு ஏறும். அதப் பாத்துத்தான், 'இது பத்தாது, இன்னும் பலமாக் கட்டு'ன்னு தசைக்குச் சேதி போவும். நாம சேதி கொண்டு போறவன் வாய அடச்சிட்டோம்."

"இத உங்க ஆபீஸ்ல சொல்லுங்களேன்."

"சொல்லிட்டு என்னைய வீட்ல உக்காரச் சொல்லுதியா?"

குழாய்கள் சரியான பிறகும் எமரன்சியா கனிம நீரைத் தொடவில்லை. தேர்வில் அவள்தான் முதலில் கரையேறினாள். அடுத்த ஆள் வர வெகுநேரமாயிற்று. படை அதிகாரி சிதம்பரநாதன் அவள் வேகத்தைக் கவனிக்கவே இல்லை. மணிக்கட்டைப் பார்த்தார். சிவப்பு.

"உடம்ப இப்படிக் கெடுத்து வச்சிருக்கியேம்மா!"

"நீந்துனா ஏறும் சார். செத்த நேரத்துல தானா எறங்கிரும்."

"மத்த பிள்ளைகளுக்கு ஏறலியே? சேரணும்னா அவங்கள மாதிரி தெனமும் நீந்துறதுக்கு முன்னாடியே கனிமத் தண்ணி குடிக்கணும். சம்மதமா?"

வேலை கைநழுவிவிடுமே என்று பயந்து தலையாட்டினாள். தெரிந்தேதான் குடித்தாள். ஓராண்டில் படையிலேயே குறைந்த துரு அவளுக்குத்தான் என்று பதக்கம் குத்தினார்கள். நீச்சல் பழையபடி மந்தமாயிற்று.

ஒருநாள் காலையில் கரைக்கு எதிரே விசைப்படகு ஒன்று கவிழ்ந்தது. ஆழ்கடலில் தங்கி, வெறும் தண்ணீரைக் குடித்து வலை இழுத்துவிட்டுத் திரும்பிய இரண்டு மீனவர்கள் அதில் இருந்தார்கள். எமரன்சியா குதித்தாள். பாதி வழியிலேயே கை ஓய்ந்து, உப்புத் தண்ணீர் வாய்க்குள் போயிற்று. கரையை நோக்கி நீந்தி வந்துகொண்டிருந்த மீனவர்களில் பெரியவர் அவள் காலரைப் பற்றினார்.

"பயப்படாதம்மா, கையக் கால ஒதறாம மெதந்து வா" என்று இழுத்துக் கரை சேர்த்தார். காப்பாற்றப் போனவளைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். அவமானத்தில் அவளால் நிமிரவே முடியவில்லை.

சிதம்பரநாதன் ஓடிவந்து மூவர் மணிக்கட்டையும் பார்த்தார். அவளுடையது பச்சை. மற்ற இரண்டும் சிவப்பு.

"நம்ம பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. இவங்க ரெண்டு பேருந்தான் ஆபத்துல இருக்காங்க. எமரன்சியா, சீக்கிரம் கனிமத் தண்ணி குடு!"

அவள் டம்ளரை நிரப்பினாள். பெரியவர் கையை நீட்டினார். அதிகாரி பக்கத்தில் நிற்கிறார் என்று தெரிந்தும் அவளால் வாயைக் கட்ட முடியவில்லை.

"அண்ணாச்சி, இதக் குடிக்காதிய. குடிச்சா நீங்களும் என்னைய மாதிரி நடுக்கடல்ல கை ஓஞ்சி நிப்பிய. வேல போனாப் போவுது, சொல்லிட்டேன்."

பெரியவர் அவளையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ சொல்லுதது சரியாத்தான் இருக்கும்மா. ஆனா நாளைக்கு எம் மவளப் பாக்க மாப்ள வீட்டுக்காரவ வாராவ. அப்பன் கை செவப்பா இருந்தா சம்மந்தம் நிக்குமா?"

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.