பீச் இலைத் தோரணம்

வாசலில் கட்டியிருந்த தோரணத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கரும்பைத் திண்ணையில் போட்டுவிட்டுக் கிட்டே போனேன்.

மாவிலையின் விளிம்பு வழவழப்பாக இருக்கும். இந்த இலைகளின் விளிம்பிலோ ரம்பம் போலச் சின்னச் சின்னப் பற்கள் இருந்தன. எங்கள் ஊர் பிள்ளையார்பாளையம் முழுக்கத் தேடினாலும் அந்த இலை ஒரே ஒரு மரத்தில்தான் கிடைக்கும். அது எங்கள் வீட்டுப் பின்புறத்தில் இருந்தது.

அன்று போகி. அம்மாவும் நானும் கரும்பு, மஞ்சள் கொத்து எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தோம். அம்மா தெருமுனையில் யாருடனோ பேச நின்றாள். நான் மட்டும் முதலில் வீட்டுக்கு வந்திருந்தேன்.

உள்ளே ஓடினேன். பின்கதவில் ஒரு தோரணம். ஜன்னலில் ஒன்று. அம்மாவின் தறிக்கு ஒன்று. என் சைக்கிள் கைப்பிடியில்கூட ஒன்று. பின்புறம் போனால், பீச் பழ மரம் மொட்டையாக நின்றது. அதன் அடியில், துவைக்கிற கல்லின் மேல், கையில் இலை பறிக்கும் துரட்டியோடு தம்பி விக்னேஷ்.

"சிட்டிபாபு மாமா வூட்டு மாமரத்துல முசுறு எறும்பு இருக்குதுக்கா. கால வெச்சதுமே கடிச்சிடுச்சி" என்று முழங்காலைக் காட்டினான். சிவந்து வீங்கியிருந்தது. "இந்த இலையும் நீளமாத்தானே இருக்குது? பொங்கலுக்கு அப்பாதானே தோரணம் கட்டும். இந்த வாட்டி நான் கட்டிட்டேன்."

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகாததால், போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் தோரணம் இல்லை, கரும்பு இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா இல்லாமல் நாங்கள் கொண்டாடும் முதல் பொங்கல் இதுதான்.

அந்த மரம் அப்பா வைத்தது. கோத்தகிரியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பட்டுப்புடவை கொடுக்கப் போனவர், திரும்பும்போது கன்றை மடியிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மரம் நன்றாக வளர்ந்தது. ஆனால் பூத்ததே இல்லை. அப்பா போன பிறகு அம்மா தினமும் அரிசி கழுவிய தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுவாள்.

அன்றைக்கும் ஊற்ற வந்தாள். மரத்தைப் பார்த்தாள். பாத்திரம் அவள் கையிலேயே இருந்தது.

"யாரு பண்ணது?"

விக்னேஷ் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தான்.

"நாங்கதாம்மா" என்றேன். "தோரணம் கட்டறதுக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவன் முழங்காலைப் பார்த்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்ச் சுண்ணாம்பு எடுத்துவந்து அவன் காலில் தடவினாள். திட்டவே இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

பொங்கலுக்கு மறுநாளே அம்மா தறியில் உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அம்மாவின் மனசு தறிச் சத்தத்தில் தெரிந்துவிடும். சரியாக இருந்தால் சீராகக் கேட்கும். இப்போது ஓடும், நிற்கும். நிற்கும்போதெல்லாம் விக்னேஷ் என்னைப் பார்ப்பான்.

காணும் பொங்கலுக்கு வேலாயுதம் சித்தப்பா வந்தார். மரத்திலிருந்து ஒரு குச்சியை ஒடித்தார். டக்கென்று ஒடிந்தது.

"பட்டுப்போச்சு அண்ணி. மலைல வளர்றது இந்த வெயிலுக்கு எங்க நிக்கும்? வெட்டிட்டு முருங்கைக் கொம்பு வெச்சித் தரேன். சாம்பாருக்காவது ஆவும்."

அம்மா ஒடிந்த குச்சியை வாங்கி விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள்.

நான் மரத்தடிக்குப் போனேன். அப்போதுதான் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. கோத்தகிரியில் குளிர் வந்தால் இந்த மரத்தில் ஒரு இலைகூட இருக்காதாம். மொட்டையாக நின்று, அப்புறம்தான் பூக்குமாம். ஒவ்வொரு மார்கழியும் அப்பா காலையில் போய்ப் பார்ப்பார். ஒரு இலையும் உதிர்ந்திருக்காது. "ஸ்வெட்டரே போடாத ஊருக்கு வந்து மாட்டிக்கினியேப்பா" என்று மரத்திடம் சொல்லிவிட்டு வருவார்.

நான் ஒரு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினேன். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தது.

"சித்தப்பா, உசிரு இருக்குது. அங்க குளிர்ல இலை கொட்டினப்புறம்தான் பூக்கும்னு அப்பா சொன்னாரு."

"நம்மூர்ல ஏதும்மா குளிரு?"

"குளிரு இல்ல. ஆனா இலை கொட்டிடுச்சே."

சித்தப்பா சிரித்தார். ஆனால் சுரண்டிய இடத்தைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். "சரி. மாசி பொறக்கட்டும். அன்னிக்கு இப்படியே இருந்தா வெட்டிடுவேன்" என்றார்.

அதன் பிறகு எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் பாடமே ஏறவில்லை. விக்னேஷ் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். வேர் அழுகிவிடும் என்று நான் வாளியைப் பிடுங்கி வைத்தேன். ஒருநாள் மரத்தடியில் எறும்புக் கூட்டம். பார்த்தால், பாதி தின்ற சேமியா ஐஸ் வேரில் செருகி இருந்தது.

"குளிரு வேணும்னு நீதானேக்கா சொன்னே" என்றான். அது அவனுக்கு மிகவும் பிடித்த ஐஸ். பாதியைக் கொடுப்பதே பெரிய விஷயம்.

கிளைகளில் மிளகு போல ஏதோ முடிச்சு முடிச்சாக இருந்தது. அவை பெரிதாகின்றனவா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா, தெரியவில்லை. அம்மாவிடம் சொல்லவும் பயம். ஒன்றுமில்லாமல் போனால்?

மாசி முதல் நாள் காலையில் சித்தப்பா சொன்னபடி வந்துவிட்டார். ஒரு கையில் அரிவாள், மறு கையில் முருங்கைக் கொம்பு. தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் பாதிச் சடையோடு பின்புறம் ஓடினேன். விக்னேஷ் எனக்கு முன்பே அங்கே போய், மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தான்.

"நவுருப்பா" என்றார் சித்தப்பா.

"மாட்டேன். நான்தான் மொட்டையடிச்சேன். அக்கா பறிக்கல. என்னை வேணா அடி."

தறி சட்டென்று நின்றது. அம்மா பின்கதவில் வந்து நின்றாள்.

சித்தப்பா அவனைத் தூக்குவதற்காகக் குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்துக்கு நேரே, இலையே இல்லாத கிளையில், ரோஜா நிறத்தில் ஒரு பூ ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே இன்னொன்று. விக்னேஷின் தலைக்கு மேல் இன்னும் மூன்று. மற்ற முடிச்சுகளெல்லாம் நுனி சிவந்து வெடிக்கக் காத்திருந்தன.

அம்மா மெல்ல வந்து பூவுக்குக் கீழே விரலை வைத்தாள், தொடாமல்.

"இப்படித்தான் பூக்கும்னு சொன்னாரு" என்றாள். பிறகு விக்னேஷைப் பார்த்தாள். "அடுத்த போகிக்கும் நீயே தோரணம் கட்டு. மாமரத்துக்குப் போவாதே. முசுறு கடிக்கும்."

அவன் மரத்தை விடாமலே தலையாட்டினான்.

"அப்போ இந்தக் கொம்பை நான் எங்க வெக்கறது?" என்றார் சித்தப்பா. அம்மா சிரித்தாள். சுவரோரமாக, பீச் மரத்தின் மேல் நிழல் விழாத இடமாகப் பார்த்துக் காட்டினாள்.

அதன் பிறகும் அவள் உள்ளே போகவில்லை. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, எனக்கு மீதிச் சடையைப் பின்னிவிட்டாள். அன்று முழுக்க எங்கள் வீட்டில் தறி ஓடவே இல்லை. நாங்கள் அதற்குக் கவலைப்படவும் இல்லை.