நாற்பத்திரண்டாவது குடல்

காலை ஏழு மணிக்கு நாற்பத்திரண்டு குடல்கள் தங்கள் நலத்தைச் சொல்லத் தொடங்கும். சகாயமேரி பால்மறப்புக் கூடத்தின் நடுவில் தேநீர்க் குவளையோடு நின்று கேட்டுக்கொள்வாள்.

“எண் ஒன்று, நேற்றைய தீனி முழுவதும் செரித்தது. எண் இரண்டு, கொஞ்சம் வாயு. எண் மூன்று, மிக நன்று” என்று கண்காணி வாசித்துக்கொண்டே போகும். கண்காணிக்கு உடம்பு கிடையாது. செவ்வாயின் தரைக்கு அடியில், எரிமலைக் குழம்பு என்றோ ஓடி விட்டுப்போன நீளக் குகை ஒன்றில் இரண்டாயிரம் பேர் குடியிருந்தார்கள். ஊருக்குப் பெயர் செங்குகை. அந்த ஊரின் காற்று, தண்ணீர், கால்நடை மூன்றையும் கவனித்துக்கொள்ளும் இயந்திர மூளைதான் கண்காணி. எல்லாச் சுவரிலும் அதற்குக் காது இருந்தது, வாயும் இருந்தது.

செங்குகையில் பன்றிகளுக்கு ராஜ மரியாதை. சமையலறை மிச்சத்தையும் பாசித் தொட்டியின் சக்கையையும் தின்றுவிட்டு இறைச்சியும் கொழுப்பும் உரமும் தர அவற்றை விட்டால் அங்கே வேறு நாதியில்லை. உறைந்த கருக்களாக ஏழு மாதம் விண்வெளியில் பயணம் செய்து வந்த வம்சம் அது. குட்டி ஒன்று செத்தால் ஊரே துக்கம் விசாரிக்கும்.

குட்டிகளைத் தாய்ப்பாலை மறக்கவைத்துத் தேற்றி எடுப்பது சகாயமேரியின் வேலை. பார்ப்பதற்கு எளிது, உள்ளே இறங்கினால்தான் கஷ்டம் தெரியும். சிறுகுடலின் உட்சுவர் நெடுக, கம்பளத்தில் நூல் நிற்பதுபோல, நுண்ணிய குடல்விரல்கள் நிற்கின்றன. சத்தை உறிஞ்சுவது அவைதான். பாலுக்குப் பழகிய குட்டியைச் சட்டென்று தீனிக்கு மாற்றினால் நாலைந்து நாளில் அந்த விரல்கள் தேய்ந்து குட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. ஒட்டாமல் கீழே இறங்கும் தீனியைக் கெட்ட கிருமிகள் தின்று பெருகும், கழிச்சல் வரும், வளர்ச்சி நிற்கும். அப்போது இழந்த வளர்ச்சியைப் பின்னால் பிடிப்பது பெரும்பாடு.

“நாம ஒரு வாய்க்குத் தீனி போடல, ரெண்டு வாய்க்குப் போடுதோம்” என்று வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவள் சொல்வாள். “ஒண்ணு குட்டி. இன்னொண்ணு அது வயித்துல குடியிருக்க நுண்ணுயிர்க் கூட்டம். குட்டிக்கு மாவும் புரதமும் வேணும். உள்ள இருக்கவங்களுக்கு நார் வேணும். நாரைத் தின்னுட்டு அவங்க ஒரு அமிலம் விடுவாங்க, பெருங்குடல் சுவருக்கு அதுதான் சாப்பாடு. நார் போடலைன்னு வைங்க, சும்மா இருப்பாங்களா? சுவருக்குக் காவலா இருக்க கோழைப் படலத்தையே வழிச்சுத் தின்ன ஆரம்பிச்சிருவாங்க. குடிவந்தவன் பசி தாங்காம வீட்டுக் கூரையைப் பிடுங்கித் தின்ன கதைதான்.”

இதையெல்லாம் வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் குடலொற்றன். மிளகளவு உருண்டை. குட்டிகள் இனிப்பென்றால் விடாது என்பதால் மேலே வெல்லம் பூசியிருக்கும். விழுங்கியதும் அடுத்த எண்ணோடு விழித்து, இரைப்பையின் வாயிலில் ஒட்டிக்கொண்டு, நூல் போன்ற ஒரு வாலைக் குடலுக்குள் நீட்டும். கடந்துபோகும் ஒவ்வொரு கவளத்தையும் ருசி பார்க்கும். இதயத் துடிப்பைக் கேட்டு உடல் நிறையைக் கணிக்கும். நாற்பது நாள் இப்படி உளவு சொல்லிவிட்டுத் தானாகக் கழன்று வெளியேறும். ஓயாமல் ஓடுகிற குட்டிகளைத் தலையெண்ண யாரால் முடியும்? ஒற்றன்களை எண்ணினால் போதும் என்று வழக்கமாகிவிட்டது.

அன்று நாற்பத்தொன்று வரை எல்லாம் நலம்.

“எண் நாற்பத்திரண்டு” என்று கண்காணி நிறுத்தியது. “நேற்றைவிட மோசம். குடல்விரல்கள் மழுங்கியிருக்கின்றன. கோழைப் படலம் பாதிதான் மிச்சம். நல்ல நுண்ணுயிர்களில் நாலில் மூன்று பங்கு இனங்களைக் காணவில்லை. பதினெட்டு நாளில் நிறை கூடவே இல்லை.”

ஒரு வாரமாக இதே பாட்டுதான். சகாயமேரி அந்த எண்ணின் தீனியை மூன்று முறை மாற்றியிருந்தாள். வறுத்த பார்லி சேர்த்தாள், கிழங்குச் சக்கை சேர்த்தாள், மாவைப் புளிக்கவைத்துக்கூடக் கொடுத்தாள். ஒன்றும் ஏறவில்லை. ஒற்றனின் சமிக்ஞை கிட்டே வந்தால்தான் தீனிப்பெட்டியின் கதவு திறக்கும். தீனி மேல்குழாய் வழியாக விழுவதால் உள்ளே பார்க்க அவசியம் வந்ததில்லை; அன்றுதான் அவள் நாற்பத்திரண்டாவது பெட்டிக்குள் கையை விட்டாள். முந்தாநாள் போட்டது அப்படியே கல்லாக இறுகிக் கிடந்தது.

அவள் பலகைகளைச் சாத்திக் கூடத்தை இரண்டாக அடைத்துக் குட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். நாற்பத்தொன்று. மறுபடி எண்ணினாள். நாற்பத்தொன்றுதான். ஒற்றன் ருசி பார்த்தது நம் தீனிதானா என்று அப்போதுதான் கேட்டாள்; இல்லை என்றது கண்காணி.

கால்நடைப் பிரிவின் தலைவர் பொன்னுரங்கம் மூச்சிரைக்க வந்தார். வேலூர்க்காரர். நல்ல மனிதர், கோபம் மட்டும் முன்னால் வரும்.

“இன்னாம்மா மேரி, குட்டி எங்கயாவது குழாய்ல பூந்துக்கிச்சா?”

“குழாய்க்குள்ள போனா பட்டினியால்லா கிடக்கும் சார்? இது வேளை தவறாம திங்குது. திங்கக் கூடாததைத் திங்குது. யாரோ வீட்டுல வச்சு வளக்காவ.”

“சமிக்ஞை எங்க காட்டுது?”

“பாறைச் சுவரில் சமிக்ஞை எதிரொலிக்கிறது” என்றது கண்காணி. “ஊருக்குள்தான் இருக்கிறது என்று மட்டும் சொல்ல முடியும். நடமாடுகிறது.”

“திருட்டுப் பசங்க!” பொன்னுரங்கம் பல்லைக் கடித்தார். “கெடைக்கட்டும், அடுத்த கப்பல்ல ஏத்திடறேன்.”

அது வெறும் மிரட்டல் அல்ல. இளவிலங்கு வளர்ப்புச் சட்டப்படி, குட்டிப் பிராணிக்கு அட்டவணைக்குப் புறம்பான தீனி கொடுத்தவரை ஊரை விட்டே அனுப்பலாம். சகாயமேரிக்குத் தண்டனையில் ஆர்வமில்லை. இன்னும் பத்து நாள் இப்படியே போனால் குடல்விரல்கள் திரும்ப வளருமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அதற்குள் குட்டி கைக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

மதியமே ஊர்க்கூட்டம் கூடியது. பொது மண்டபத்தில் முந்நூறு பேருக்குக் குறையாது. சகாயமேரியின் கணவன் விக்டர் பனிச்சுரங்கத்தில் மூன்று வார முறையில் இருந்தான். அதனால் ஐந்து வயது மகள் பெனிட்டாவையும் அவள் கையோடு கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காரவைத்திருந்தாள்.

“கடந்த பதினெட்டு நாட்களில் எண் நாற்பத்திரண்டு உட்கொண்டவை” என்று கண்காணி தொடங்கியது. “எண்ணெயில் பொரித்த மாவு, ஒரு நாள் தவறாமல். சர்க்கரைத் தண்ணீர், நாளுக்கு நான்கு முறை. தேநீரில் ஊறிய இனிப்பு மாவுத் துண்டுகள், காலைதோறும். உப்பு மிகுந்த சுருள் மாவு, பதினோரு முறை. பாலில் கரைத்த கோகோ மணமுள்ள சர்க்கரைப் பொடி, படுக்கப்போகும் முன். சாயங்கள், நான்கு வகை. காய்கறி ஒரே ஒரு முறை. பாதி கேரட். அதுவும் மெல்லப்படவில்லை.”

மண்டபத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது.

“ஐயோ பாவமே!” பால்வாடி டீச்சர் ஜெயசீலி எழுந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. “வாயில்லா ஜீவன்யா! இதைக் குடு, அதைக் குடுன்னு அதுக்குக் கேட்கத் தெரியுமா? நாம குடுக்குறதைத்தானே திங்கும்? இவ்வளவு குப்பையைக் கொட்டியிருக்கானே, அவனுக்குப் பெத்த புள்ளைங்க இருக்கா இல்லையா?”

“தெரிஞ்சே பண்றது!” என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

“தெரியாமப் பண்ணியிருக்கலாம்” என்றாள் சகாயமேரி எழுந்து. “ஆசையா வளக்குறவங்களா இருக்கலாம். அது விரும்பித் திங்குதேன்னு குடுத்திருப்பீங்க. விரும்புறதும் உடம்புக்கு ஆகுறதும் ஒண்ணு இல்லங்க. அது சப்தம் போட்டா அடக்குறதுக்குக் குடுத்திருப்பீங்க. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. குட்டியை மட்டும் கொண்டாந்து விட்டுருங்க, நான் தேத்திருவேன். பேரைக்கூடக் கேக்க மாட்டேன்.”

“அம்மா, போலாம்” என்று பெனிட்டா முந்தானையை இழுத்தாள்.

“செத்த நேரம் இரிடி.”

“பசிக்குதும்மா.”

“மத்தியானம் சோத்தைத் தட்டோட தள்ளிட்டு இப்பப் பசிக்குதாக்கும்!” சகாயமேரி கூட்டத்தைப் பார்த்தபடியே பைக்குள் கைவிட்டு, பளபளத்த சின்னப் பொட்டலம் ஒன்றைப் பல்லால் கிழித்து மகள் கையில் திணித்தாள். “பேசாம தின்னுகிட்டு இரி. நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும்” என்றது கண்காணி. “எண் நாற்பத்திரண்டு இப்போது உண்கிறது.”

முந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பொரித்த மாவு. உப்பு. ஆரஞ்சுச் சாயம். சுவரெதிரொலி இல்லாமல் சமிக்ஞை தெளிவாக வருகிறது. இந்த மண்டபத்துக்குள்தான் இருக்கிறது.”

பொன்னுரங்கம் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். ஆட்கள் பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்தார்கள். பைகளைத் தட்டிப் பார்த்தார்கள். யாரோ ஒருவரின் பெரிய மேலங்கியைக் கழற்றச் சொல்லி ஒரு சண்டைகூடத் தொடங்கியது. அந்தச் சந்தடிக்குள், காதுக்குப் பக்கத்தில், கருக் மொருக் என்ற சத்தம் சகாயமேரிக்குக் கேட்டது.

திரும்பிப் பார்த்தாள். பெனிட்டாவின் விரல் நுனிகள் ஆரஞ்சாக இருந்தன.

அவள் மெதுவாகப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். குழந்தை வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு அம்மாவைப் பார்த்தது.

“நிறுத்திவிட்டது” என்றது கண்காணி.

சகாயமேரி ஒன்றே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

“மீண்டும் உண்கிறது.”

அவள் மகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கண்ணு, அம்மா அடிக்க மாட்டேன். பால்வாடி லீவுன்னு ஒரு நாள் அம்மாகூட வேலைக்கு வந்தியே. அங்க தட்டுல இருந்த வெல்ல உருண்டையைத் தின்னியா?”

“ஒண்ணே ஒண்ணும்மா” என்றாள் பெனிட்டா. பிறகு பயந்து, “நல்லாவே இல்ல” என்றாள்.

செய்தி பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் பரவியது. பொன்னுரங்கம் தலையில் கைவைத்தார். “கண்காணி, குழந்தைக்கு ஒண்ணும் ஆவாதே?”

“ஒற்றனால் தீங்கு இல்லை. இன்னும் இருபத்திரண்டு நாளில் தானாக வெளியேறிவிடும். பதிவைத் திருத்துகிறேன். எண் நாற்பத்திரண்டு பன்றிக்குட்டி அல்ல, மனிதக் குழந்தை. இளவிலங்கு வளர்ப்புச் சட்டம் பொருந்தாது. நலக்குறைவு எச்சரிக்கை நீக்கப்பட்டது.”

“நீக்கிட்டியா?” சகாயமேரி நிமிர்ந்தாள். “வயிறு அதே வயிறுதானே? காலையில மோசம்னு சொன்னியே!”

“பன்றிக்குட்டியின் அட்டவணைப்படி மோசம். மனிதக் குழந்தைக்குத் தீனி அட்டவணை கிடையாது. பெற்றோர் விருப்பம் என்று சட்டம் சொல்கிறது. உயரத்துக்கும் நிறைக்கும் மட்டும் சராசரி இருக்கிறது. அதைச் செங்குகையின் ஐந்து வயதுக் குழந்தைகள் அனைவரையும் அளந்து போட்டிருக்கிறார்கள். அதன்படி இவள் சராசரிதான்.”

“அப்போ தினம் காலையில அவ வயித்தைப் பத்தி எனக்குச் சொல்லிக்கிட்டே இரி. குட்டிகளுக்குச் சொல்ற மாதிரி.”

“மனித உடலை ஒற்றறிய எனக்கு அனுமதி இல்லை.”

“பன்னிக்குட்டின்னே எழுதிக்கிடேன்” என்றாள் அவள். யாரோ சிரித்தார்கள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை.

“பொய்ப் பதிவு செய்ய இயலாது” என்றது கண்காணி வருத்தம் தோய்ந்த குரலில். அப்படிப் பேச அதற்குப் பழக்கியிருந்தார்கள்.

மண்டபத்தின் இறுக்கம் தளர்ந்துவிட்டது. ஆட்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். “அப்பாடா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்” என்று பொன்னுரங்கம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “நல்லவேளை, குட்டி எதுவும் கெட்டுப்போகல. நம்ம புள்ளைதான்.”

சகாயமேரி கையிலிருந்த பொட்டலத்தைச் சுருட்டிக் கழிவுக் குழாயில் போட்டாள். அதைப் பார்த்ததும் பெனிட்டா ஒரு கணம் வாயைப் பிளந்தபடி நின்றாள். பிறகு குகையே அதிரும்படி வீறிட்டாள்.

வாசலுக்குப் போன ஜெயசீலி டீச்சர் திரும்பி ஓடிவந்தாள். “ஏன் மேரி, நல்லாத்தானே இருந்த? சின்னப் புள்ளை ஆசையாத் திங்குறதைப் பிடுங்கி எறியுறியே, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?”

“டீச்சர், இப்போ சொன்னதைக் கேட்டீங்கள்ல? அவ குடல்...”

“அது பன்றிக்குப் போட்ட கணக்குடி! எங்க புள்ளைங்க எல்லாம் இதைத் தின்னுதான் வளருது. நீ குட்டிகளோடயே கிடந்து கிடந்து எல்லாத்தையும் தீனியாப் பாக்குற.”

“பெத்தவளே வாயைக் கட்டுறா பாரு” என்றது இன்னொரு குரல். இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். சற்றுமுன் திருடனைத் தேடிய அதே கண்கள் இப்போது அவள் மேல் நின்றன.

ஜெயசீலி தன் பையிலிருந்து புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். “இந்தா ராசாத்தி. அம்மா கிடக்கா.” பெனிட்டாவின் அழுகை குழாயை மூடியதுபோல் நின்றது. சகாயமேரியின் கை தடுக்க நீண்டது, அத்தனை கண்களையும் பார்த்துப் பாதியில் நின்றுவிட்டது.

பொரித்த மாவு, உப்பு, ஆரஞ்சுச் சாயம். கண்காணிக்குத் தெரிந்தது. அதை யாரிடம் சொல்வது என்று மட்டும் அதன் விதிகளில் எழுதியிருக்கவில்லை.