நாராயணம்மாவுக்கு ஒரே பொண்ணு

"ஏங்க... அது நான் எடுத்த சீட்டுங்க!"

"மொதல்ல கை வச்சது நான். மடிச்சுப் போட்ட சீட்டுல உங்க பேரா எழுதியிருக்கு?"

எவர்சில்வர் டப்பாவுக்குள் இரண்டு கைகள் ஒரே சீட்டைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றன. முனிராஜ் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான்... பிடித்திருந்த விரல்கள் தாமாகவே விட்டுவிட்டன. மை தீட்டாத கண்கள். கோபத்திலும் அந்தக் கண்களின் ஓரத்தில் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்து எட்டிப் பார்த்தது. ஒரே கல்லூரி, ஒரே கேன்டீன்... இரண்டு வருஷமாக இவள் எங்கே இருந்தாள்?

விவசாயக் களப்பயணத்துக்காக எல்லா வகுப்பையும் கலந்து நாலு நாலு பேராகக் குழு பிரித்திருந்தார் பவளம் மேடம். குழுவுக்குள் யாருக்கு என்ன வேலை என்பதற்கும் சீட்டுதான். தலைவர் வேலை ராஜேஷ்குமாருக்கு, போட்டோ எடுப்பது ரஞ்சிதாவுக்கு. மிச்சம் இரண்டு சீட்டு.

போராடி வென்ற சீட்டைப் பிரித்த தர்ஷினியின் முகம் சுருங்கிப் போனது. "மொழிபெயர்ப்பா? ஐயோ, எனக்குத் தெலுங்கும் தெரியாது, கன்னடமும் தெரியாதே! நாங்க விருதுநகர் பக்கம்ங்க..."

முனிராஜ் தன் சீட்டைப் பார்த்தான். கேள்வி கேட்பவர்.

"மாத்திக்கலாமா?" என்றான். "எனக்கு மூணும் வரும்."

"நெசமாவா? சண்டை போட்டவளுக்கா விட்டுத் தர்றீங்க?"

"சண்டை போட்டதுக்குத்தாங்க..."

அவள் சிரித்தாள். சீட்டு கை மாறியது. பையன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டான், சந்தோஷமாக!

மறுநாள் காலை கல்லூரிப் பேருந்தில் ராயக்கோட்டைப் பக்கம் கிளம்பினார்கள். எப்படியோ... சரி, எப்படியோ என்ன, ரஞ்சிதாவிடம் கெஞ்சித்தான், தர்ஷினிக்கு எதிர் சீட்டைப் பிடித்திருந்தான் முனிராஜ். ஜன்னல் காற்றில் அவள் முடி பறந்து பறந்து முகத்தில் விழுந்தது. அவள் ஒதுக்க, அது மறுபடி விழ... கள ஆய்வுப் படிவத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தது கூட அவனுக்குத் தெரியவில்லை.

"படிவத்த நேரா பிடிங்க சார். மொழிபெயர்ப்பு நல்லா வரும்."

அவன் காது சிவந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு பேச்சு வீட்டுப் பக்கம் போனது. "அப்பாவுக்கு ஓசூர்ல கம்பெனி வேலை. மத்திகிரியில வாடகை வீடு. எங்கம்மா வந்து..."

அவள் முடிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். எங்கே அவளே தோண்டிக் கேட்டுவிடுவாளோ என்கிற பயம். "எங்கப்பா போச்சம்பள்ளியில சூப்பர்வைசருங்க. அம்மா வீட்லதான் இருக்காங்க."

"ஓ..." என்றாள் அவள். ஏனோ பேச்சு அங்கேயே நின்றது.

அப்பா மதுரைவீரன் போச்சம்பள்ளி கம்பெனியில் இருப்பது உண்மைதான். கையில் துடைப்பத்தோடு. அம்மா நாராயணம்மா விடிவதற்குள் மேஸ்திரியின் மினி லாரியில் ஏறிவிடுவாள். லாரி எந்தத் தோட்டத்தில் நிற்கிறதோ அன்றைக்கு அங்கே தக்காளி பறிப்பு. எந்த ஊர், யார் நிலம் என்று கேட்கிற வழக்கம் அந்தப் பெண்களுக்குக் கிடையாது. வீட்டில் சொல்லிவிட்டு வரவும் மாட்டார்கள், அவர்களுக்கே தெரிந்தால்தானே!

அந்த நாள் லாரி எங்கே நின்றது என்று சொல்லவும் வேண்டுமா?

தோட்டத்து வரப்பில் இறங்கியதுமே முனிராஜ் பார்த்துவிட்டான். மேலே அப்பாவின் பழைய காக்கிச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் கூடை... அம்மா. அவளும் பார்த்தாள். முகம் மலர்ந்தது. வாய் திறந்தது.

"இவங்கள கேப்போம். முகத்தப் பாத்தாலே நல்லா பேசுவாங்கன்னு தெரியுது" என்று தர்ஷினி நேராக அவளிடமே போய் நின்றாள். "வணக்கம்மா! நாங்க காலேஜ்ல இருந்து வர்றோம். உங்க பேரு?"

நாராயணம்மாவுக்குத் தமிழ் புரியும். நாக்கில் வருவதென்னவோ தெலுங்குதான். அவள் மகனைப் பார்த்தாள். மகன் படிவத்தைப் பார்த்தான். பிறகு தெலுங்கில், "மீ பேரு ஏமி?" என்று கேட்டான். ஊர் பேர் தெரியாத ஒருத்தியிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டான். வீட்டில் அவளை அவன் ஒருநாளும் அப்படி மரியாதை வைத்துக் கூப்பிட்டதில்லை.

முகத்தில் மலர்ந்தது மெல்ல அடங்கியது. ஒரு கணம்தான். பெற்றவளுக்குப் புரிவதற்கு அதற்கு மேல் எதற்கு? அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு, அடக்கமாக நின்று, தன் பெயரைத் தன் மகனுக்குச் சொன்னாள்.

எத்தனை மணிக்கு வேலை, எத்தனை வருஷமாகப் பறிக்கிறீர்கள், மருந்து அடித்த செடியில் கை அரிக்காதா... தர்ஷினி கேட்க, அவன் மாற்றிச் சொல்ல, அம்மா பதில் சொல்ல, அவன் திருப்பித் தர... வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. ரஞ்சிதா போட்டோ எடுத்தாள்.

"கடைசியா ஒண்ணு. உங்களுக்கு எத்தன பிள்ளைங்கம்மா?"

முனிராஜ் அம்மாவின் பக்கம் திரும்பினான். தட்டுத் தடுமாறிக் கேட்டான். நாராயணம்மா தக்காளிச் செடியைப் பார்த்தபடி தெலுங்கில் நிதானமாகச் சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் தர்ஷினி.

"ஒரே... ஒரே பொண்ணாம்."

சொல்லிவிட்டான்! தன்னையே இல்லாமல் ஆக்கிய பதிலை, ஒரு எழுத்து பிசகாமல், தன் வாயாலேயே மொழிபெயர்த்துவிட்டான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்?

அப்போது மழை பிடித்தது. மலை மேலிருந்து சடசடவென்று இறங்கிய மழை. எல்லோரும் மினி லாரியின் தார்ப்பாய்க்குள் ஓடி ஒடுங்கினார்கள். படிவங்களைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைசியாக ஓடிவந்த முனிராஜ் தொப்பலாக நனைந்திருந்தான். தர்ஷினியின் இமைகளில் மழைத்துளிகள் தொங்கின. அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்... அந்தப் பாழாய்ப்போன நேரத்திலும் அதைத்தான் பார்த்தான். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, துண்டால் அவன் தலையைப் பரபரவென்று துவட்டத் தொடங்கியது.

இரண்டு துவட்டல். சட்டென்று கை நின்றது. துண்டு பின்வாங்கியது. "தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்றாள் நாராயணம்மா, தனக்குத் தெரிந்த தமிழில்.

தர்ஷினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே நெற்றி. அதே மூக்கு. திரும்பி வருகிற வழி முழுக்க அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று வீட்டில் அம்மா எப்போதும் போலவே சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். அவன் தட்டைத் தொடவில்லை. "அம்மா... இன்னிக்கு..." என்று ஆரம்பித்தான்.

"நல்ல பொண்ணு. பேரென்ன, தர்ஷினியா?" என்றாள் அவள். "கூட இருந்தவளுங்ககிட்டயும் சொல்லிட்டேன்டா, யாரும் எதுவும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. நீ படிச்சு முடி. சாப்பிடு."

தங்கை நிர்மலா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். அம்மா அவனை அடித்திருந்தால் தாங்கியிருப்பான். திட்டியிருந்தால் அழுதிருப்பான். இதை என்ன செய்வது?

ஒரு வாரம் ஓடியது. அறிக்கை வாசிக்கும் நாளன்று காலையில், நூலகத்தில் தர்ஷினி ஒரு தாளை அவன் முன்னால் வைத்தாள். எல்லாக் கட்டமும் அவளுடைய உருண்டைக் கையெழுத்தில் நிரம்பியிருந்தது. பிள்ளைகள் என்ற கட்டம் மட்டும் காலி.

"இதை மட்டும் நான் எழுதலை" என்றாள். "பேசுறப்ப நீங்களே சொல்லிடுங்க."

அவளுக்குத் தெரிந்துவிட்டது! அவமானம் பிடுங்கித் தின்றது. அவமானத்துக்கு எப்போதும் கையில் கிடைப்பது வீம்புதானே! "உங்க வேலை கேள்வி கேக்கறது. கேட்டாச்சு. மொழிபெயர்க்கறது என் வேலை" என்றான் வெடுக்கென்று.

அவள் கண்களில் ஓரமாக ஒளிந்திருந்த அந்தச் சிரிப்பைத் தேடினான். காணோம்.

மதியம் அரங்கில் நூறு பேர். திரையில் அம்மாவின் போட்டோ, ஆள் உயரத்துக்கு. காக்கிச் சட்டை, தலையில் துண்டு. "இவங்க பேரு நாராயணம்மா" என்று ஆரம்பித்தான். பின்வரிசையில் யாரோ அந்தச் சட்டையைப் பார்த்து ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். தர்ஷினி முன்வரிசையில் இருந்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு என்றது அவள் முகம். சொல்லிவிடுகிறேன் என்று மூச்சை இழுத்தான்.

"இவங்களுக்கு... ஒரே பொண்ணு."

கை தட்டினார்கள். நல்ல குழு, வேலையை நன்றாகப் பிரித்துச் செய்திருக்கிறார்கள் என்று பவளம் மேடம் பாராட்டினார். தர்ஷினி குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ஓசூர் பேருந்து நிலையத்தில்தான் அவளைப் பிடித்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. மத்திகிரி டவுன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"தர்ஷினி... ஒரு நிமிஷம்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப. அன்னிக்கு சீட்டு எடுத்தப்பவே. உங்க முன்னாடி அசிங்கமா நிக்கக் கூடாதுன்னுதான் நான் அம்மாவ..."

"என் மேல பழி போடாதீங்க."

குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

"அன்னைக்கு பஸ்ல எங்கம்மாவப் பத்திச் சொல்ல வந்தேன், ஞாபகம் இருக்கா? கம்பெனி கேன்டீன்ல பாத்திரம் கழுவுது எங்கம்மா. உங்கப்பா சூப்பர்வைசர்னு சொன்னீங்களா... நானும் வாய மூடிக்கிட்டேன். வீட்டுக்குப் போய் அது கையப் பாத்தப்ப செத்துப்போன மாதிரி இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மழையில உங்கம்மா தலை துவட்டுனாங்கள்ல... அந்த நிமிஷம் உங்கள எனக்கு அவ்வளவு பிடிச்சுச்சு முனிராஜ். நம்மள மாதிரிதான்னு. இன்னைக்கு நீங்க சொல்லிட்டா, நானும் எந்திரிச்சு எங்கம்மாவப் பத்திச் சொல்லிடணும்னு உக்காந்திருந்தேன்."

"இனிமே சொல்றேன்... எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்..."

"எனக்காகவா? வேணாம்." படியில் காலை வைத்தாள். "நாளைக்கு உங்க ஆளுங்க முன்னாடி எங்கம்மா வந்து நின்னா, அதை யாருன்னு சொல்லுவீங்கன்னு எனக்குப் பயமா இருக்கு. உங்களப் பிடிச்சிருக்கு. ஆனா அந்தப் பயம் போகாது."

பஸ் நகர்ந்தது. ஜன்னல் ஓரம் இரண்டு கண்கள், மழைத்துளியோ கண்ணீரோ பிரித்துச் சொல்ல முடியாத தூரத்துக்குப் போய், பிறகு மறைந்தே போயின.

முனிராஜ் அங்கேயே நின்றான். சட்டை நனைந்தது, தலை நனைந்தது. துவட்ட ஒரு கையும் வரவில்லை. கொய்யாக் கூடையைச் சாக்கால் மூடிக்கொண்டிருந்த ஒரு பெண் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"என்னா கண்ணு, பஸ்ஸ விட்டுட்டியா? உள்ள வந்து நில்லு, நனையற பாரு."

அவன் அவளைப் பார்த்தான். யாரோ ஒருத்தி. இவன் யார், என்ன என்று எதுவும் தெரியாதவள். அடைத்துக் கிடந்தது அவளிடம்தான் உடைந்தது.

"எங்கம்மா தக்காளி பறிக்கிற வேலைக்குப் போறாங்க" என்றான். "கூலிக்கு. அவங்க... அவங்க எங்கம்மாங்க."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாக்கை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"போவட்டும். அதுக்கு என்னாத்துக்கு கண்ணு இப்படி அழுவுற?"