வடக்குப் பிரகாரம்

திரையில் 41.13 என்று வந்தது. சத்தியப்பிரியா லேசர் மீட்டரை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். அதே எண். காலையில் அளந்த தெற்குப் பிரகாரம் 41.60 மீட்டர்; வடக்கும் அவ்வளவுதான் இருக்க வேண்டும். இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் விரற்கடை பிசகாதவர்கள் என்றுதானே எங்கெங்கிருந்தோ ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ஒரு முழம் குறைகிறது. ஒரு ஆள் சுவரில் சாய்ந்து நின்றால் அடைக்கிற இடம்.

ஒக்கூர் தாண்டி இருந்த அந்தக் கோயிலுக்குத் திருப்பணி தொடங்குமுன் வரைபடம் போட வந்திருந்தார்கள், அவளும் அவள் கணவனின் தங்கை தீபலட்சுமியும். நாலு வருஷமாக இருவரும் சேர்ந்துதான் இந்த வேலை. உச்சிக்கால பூஜை முடிந்ததும் காவலாளி இருளாண்டி கோபுரக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். வெளியே தளக்கல் கால் வைக்க முடியாமல் கொதித்தது. ஆனால் வடக்குப் பிரகாரத்துக்குள் வெயில் இரண்டு தூண் வரைக்கும்தான் வந்தது. அதற்கப்பால் யாளித் தூண்கள் இருபுறமும் வரிசையாக இருட்டுக்குள் போயின. வௌவால் புழுக்கையின் காரநெடியும், கல் பல காலமாகக் குடித்த எண்ணெயின் சிக்கு வாடையும் உள்ளிருந்து மெல்ல மெல்ல வந்து முகத்தில் படிந்தன. சத்தியப்பிரியா வாசல்பக்க முதல் தூணின் நிழலில் நின்றாள். எதிர்க் கோடியில் வழி கிடையாது, முழுக் கல்சுவர். தரையில் வைத்த செல்போன் வெளிச்சத்தில், லேசரின் சிவப்புப் புள்ளி விழ வேண்டிய வெள்ளைப் பலகையை மருதாணி வைத்த விரல்களால் அந்தச் சுவரில் அழுத்திப் பிடித்தபடி தீபா பக்கவாட்டில் நின்றாள்.

"தீபா, பலகையை முன்னால தள்ளிப் பிடிச்சிருக்கியா?"

"இல்ல அண்ணி. சுவத்தோட ஒட்டித்தான் வச்சிருக்கேன்."

"சிவப்புப் புள்ளி எங்க விழுது?"

தீபா கழுத்தை நீட்டிப் பலகையை எட்டிப் பார்த்தாள். "புள்ளி இங்குட்டு வரவே இல்லையே அண்ணி."

"நல்லாப் பாரு. பலகையிலதான் எங்கயாச்சும் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே சத்தியப்பிரியா அழுத்தினாள்.

33.80.

நிமிர்ந்து பார்த்தாள். நடுவில் யாரும் இல்லை. கல் தரை, தூண்களின் நிழல், அப்பால் தீபா. ஆனால் பலகையில் விழ வேண்டிய சிவப்புப் புள்ளி, ஆள் நெஞ்சு உயரத்தில், பாதையின் நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"மீட்டர் சூடாயிருச்சு போல," என்றாள். தன் குரல் கல்லில் பட்டுப் பட்டுத் தேய்ந்துபோவதைக் கேட்டாள்.

26.45.

"அசையாத தீபா. அங்கயே இரு."

17.02.

இப்போது புள்ளி பெரிதாகத் தெரிந்தது. கிணற்று மூடியைத் திறந்ததுபோல ஒரு ஈரக் குளிர் கணுக்காலைத் தொட்டது. கோபுரத்தில் அதுவரை முனகிக்கொண்டிருந்த புறாக்கள் எப்போது நிறுத்தின என்று தெரியவில்லை. கை நடுங்குகிறதோ என்று மீட்டரைத் தூணில் அழுத்தி வைத்துப் பார்த்தாள். கை நடுங்கவில்லை. புள்ளிதான் அசைந்தது. மெதுவாக மேலே. மெதுவாகக் கீழே. மறுபடியும் மேலே.

மூச்சு விடுகிற நெஞ்சு.

அப்போதுதான் புரிந்தது. அவள் வாய் திறந்தபோதெல்லாம் எண் குறைந்திருக்கிறது.

உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். 17.02. அழுத்தினாள். 17.02. அது நின்றுவிட்டது. கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணி?" என்றாள் தீபா.

21.60.

"என்ன ஆச்சு அண்ணி? பேசுங்க."

29.15.

ஒரு வார்த்தை போதும். 'தீபா' என்று கூப்பிட்டால் போதும், அது இந்தப் பக்கம் திரும்பிவிடும். சத்தியப்பிரியாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. வாயைப் பொத்திய கையை எடுக்கவில்லை. பின்னால் எடுத்து வைத்த குதிகால் சூடான கல்லைத் தொட்டது. வெயில். வெளியே போக இன்னும் இரண்டே அடி.

"அண்ணி, இருக்கீகளா? எனக்குப் பயமா இருக்கு. ஏதாச்சும் சொல்லுங்க அண்ணி."

36.70.

அவள் சொல்லவில்லை.

"அண்ணி, யாரோ முன்னால..."

குரல் நின்றது. அறுந்ததுபோல இல்லை. கதவைச் சாத்தியதுபோல.

"தீபா!"

இப்போது கத்தினாள். மீட்டர் கையிலிருந்து விழுந்து தெறித்தது. ஓடினாள். தூண்கள். தூண்கள். "தீபா! இங்க வா! இங்குட்டு வா!" அவளை நோக்கி எதுவும் வரவில்லை. குளிர் இல்லை. மூச்சு இல்லை. கோடி வரைக்கும் வழி காலியாகவே இருந்தது.

செல்போன் வெளிச்சம் தரையில் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. தீபா இல்லை. தூணுக்குப் பின்னால் இல்லை. மூலையில் இல்லை.

பலகை மட்டும் இருந்தது.

விழாமல், மார்பளவு உயரத்தில், சுவரோடு ஒட்டி. பிடித்திருக்க ஆணி இல்லை, ஆள் இல்லை. சத்தியப்பிரியா கிட்டே போனாள். பலகைக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு தாள் செருகக்கூட இடமில்லை. அந்த இடுக்கிலிருந்து, இரண்டு ஓரத்திலும், நாலு நாலு விரல்கள் வெளியே வளைந்து பலகையை இறுக்கிப் பிடித்திருந்தன. மருதாணி வைத்த நகங்கள். அழுத்திப் பிடித்ததில் நுனி வெளுத்திருந்தது.

சுண்டுவிரலைத் தொட்டாள்.

சூடாக இருந்தது.

அது பலகையை விட்டுவிட்டு, மெல்ல, அவள் விரலைப் பற்றிக்கொண்டது.