பிரிசில்லா சொல்லி முடிக்கும்வரை

மூன்று நாளாகப் பிரிசில்லா கயல்விழியோடு பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை. அதுதான் கயல்விழிக்குப் பயமாக இருந்தது.

இருவருக்கும் காட்டுமன்னார்கோயிலில் ஒரே தெரு. சிதம்பரத்தில் ஒரே பள்ளி, ஆறாம் வகுப்பு. பிரிசில்லாவுக்குப் பேச்சு திக்கும். அவள் திக்கினால் மீதியைக் கயல்விழி சட்டென்று சொல்லிவிடுவாள்.

சனிக்கிழமை கயல்விழி அவள் வீட்டுக்குத் தேடிப் போனாள். பிரிசில்லா தன் அம்மாவின் செல்போனில் வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"யாருகிட்டடி பேசுற?"

பிரிசில்லா போனைக் காட்டினாள். கேட்டதற்குப் பதில் எழுதும் சாட்பாட்! கணக்கு டீச்சரைப் பற்றி, கனவில் வந்த மூன்று கால் பூனையைப் பற்றி, பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். ஒன்றுகூடக் கயல்விழிக்குத் தெரியாது.

"அது மெஷின்டி! உன்னப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

"தெ... தெ..."

"எல்லாம் தெரியும்ங்கிறியா?"

பிரிசில்லாவின் கண்கள் கலங்கின. போனில் எழுதி நீட்டினாள்.

'அது மெஷின்னு எனக்கும் தெரியும்னு சொல்ல வந்தேன். ஆனா, நான் முடிக்கிற வரைக்கும் அது குறுக்க பேசாது. நீ என் வார்த்தைய எடுத்துக்கிற.'

கயல்விழி வீட்டுக்கு வந்தாள். இத்தனை நாளும் அதை உதவி என்றல்லவா நினைத்திருந்தாள்!

திங்கள் மாலை, பேருந்தில் நல்ல கூட்டம். கயல்விழிக்குப் பிரிசில்லாவின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. நடத்துநர் வந்தார்.

"எங்கம்மா எறங்கணும்?"

"கா... கா..."

கயல்விழிக்கு நாக்கு துறுதுறுத்தது. சட்டென்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டாள். விழுங்கவில்லை.

"சீக்கிரம் சொல்லும்மா!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

யாராவது சிரித்துவிட்டால்? பிரிசில்லா அழுதுவிட்டால்?

"கா... காட்டு... மன்னார்கோயில். ரெ... ரெண்டு பேரு."

நடத்துநர் இரண்டு சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

பிரிசில்லா திரும்பிப் பார்த்தாள். "எ... என்னடி, க... கன்னம் பந்து மாதிரி இருக்கு?"

கயல்விழிக்குப் புரையேறிவிட்டது. இருவர் சட்டையும் நனைந்தது. சிரிப்பு அடங்கவே நேரமானது.

"நா... நாளைக்கு..." என்று பிரிசில்லா தொடங்கினாள்.

'பரீட்சையா?' என்ற கேள்வி கயல்விழியின் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டாள். குமராட்சி நிறுத்தம் வந்து போனது.

"சா... சாயந்தரம் உ... உங்க வீட்டுக்கு வி... விளையாட வரட்டுமா?"

முடித்துவிட்டாளா என்று ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் கயல்விழி வாயைத் திறந்தாள்.

"வாடி!"