கட்டில் கிடந்த இடம்

வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, பலகை தேய்க்கிற சாண்டிங் மெஷினின் உப்புத்தாள் மூன்றாவது முறையாக அடைத்துக்கொண்டது.

தினகரன் மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தான். மற்ற இடங்களில் தேக்குத் தூள் மாவுபோல உதிர்ந்திருந்தது. இந்த ஜன்னலோரத்தில் களிம்புபோல ஒட்டியிருந்தது. விரலால் வழித்தான். பிசுக்கு. பழைய கட்டுத்துணியின் வாடை.

ராஜகீழ்ப்பாக்கத்தில் அந்த வீட்டு மாடிக் கூடம் முழுவதும் பலகைத் தரை. கறுத்துப்போயிருந்ததைத் தேய்த்து வெளிர் நிறமாக்கச் சொல்லியிருந்தார் வீட்டுக்கார ஜெயசீலி டீச்சர். எல்லாம் வெளுத்துவிட்டது. ஜன்னலோரம் மட்டும், ஆள் நீளத்துக்கு ஒரு கறுப்பு.

“உங்க தரை எங்க பீர்க்கன்கரணை ஏரி கணக்கா கீது டீச்சர். மேல ஆகாயத்தாமரை. உள்ள இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்?”

டீச்சர் சிரிக்கவில்லை.

“மாமனார் கட்டில் அங்கதான் கிடந்தது. நாலு வருஷம் படுக்கை. தானா திரும்பிப் படுக்க முடியாது. முதுகெல்லாம் புண்ணு.”

“நாலு வருஷமா?”

“நர்ஸ் வச்சோம்ப்பா.” அவன் கேட்காததற்குப் பதில் சொன்னார். “சனிக்கிழமை என் பொண்ணு ஹெப்சி குழந்தையோட வர்றா. தவழுற பையன். கண்டதுல வாயை வைப்பான். அதுக்குள்ள முடிச்சிடு.”

ஒரு மணிக்குக் கறுப்பு போனது.

பலகை இடுக்குகளை அடைக்க அதே தரையின் தூளைத்தான் பசையில் குழைப்பார்கள். அப்போதுதான் நிறம் சேரும். கட்டில் இடத்துத் தூளைத் தனியே கொட்டியிருக்க வேண்டும். மெஷின் பையில் எல்லாம் கலந்து கிடந்தது. தூள் தூள்தானே என்று நினைத்தான். குழைத்து, கூடம் முழுக்க ஒவ்வொரு இடுக்கிலும் கட்டைவிரலால் அழுத்தினான்.

நான்கு மணிக்குக் காய்ந்திருக்க வேண்டும்.

காயவில்லை.

இடுக்குகளில் மஞ்சளாக நீர் கோத்திருந்தது. ஜன்னலோரம் மட்டுமில்லை, கூடம் முழுக்க. கெட்டுப்போன கறியின் இனிப்பு வாடை. துடைத்தான். மறுபடி கோத்தது. ஓர் இடுக்கில் நரைமுடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தான். முடி வந்தது. அதன் நுனியில் நகக்கண் அளவு தோலும் வந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான்.

டீச்சர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு மேலே வந்தார். அந்த வாடை என்னவென்று அவர் கேட்கவில்லை.

“அல்லாத்தையும் சுரண்டி எடுத்துடறேன் டீச்சர். மூணு நாளு ஆவும்.”

“மேல பாலிஷ் போடு.”

“கொய்ந்த தவழுற எடம்...”

“போடுன்னா போடு.”

அவன் போட்டான். வெள்ளிக்கிழமை இரண்டாம் பூச்சும் போட்டான். தரை தேன் நிறத்தில் மின்னியது. வாடை அடங்கியது. அவன் கட்டைவிரலில் மட்டும் இருந்தது. இரண்டு நாளும் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டான்.

ஞாயிறு காலை, டீச்சர் சர்ச் ஆராதனைக்குப் போகிற நேரத்தில் அவரிடமிருந்து போன்.

“கசியுது. வா.”

அவன் போனபோது கூடத்தின் நடுவில் ஹெப்சி உட்கார்ந்திருந்தாள். தரையில் விரித்த போர்வையில் குழந்தை மல்லாந்து கிடந்தது. அழக்கூட இல்லை. கண்கள் கூரையில் நிலைத்திருந்தன.

“தவழவே மாட்டேங்கிறான்மா. நேத்து வந்ததுலேர்ந்து இப்படியேதான் கிடக்கிறான். தூக்கினா கத்துறான்.”

அவள் குழந்தையைத் தூக்கினாள். போர்வையும் கூடவே வந்தது. பிரித்தாள். ஈரத்தாள் கிழிகிற சத்தம்.

குழந்தையின் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, ஒரு ரூபாய் அளவுக்குப் புண். ஓரம் கறுப்பு. நடுவில் மஞ்சள்.

“நேத்து குளிப்பாட்டினப்ப இது இல்லியேம்மா!”

டீச்சர் குழந்தையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பளபளப்புக்கு அடியிலிருந்து, சுவர் முதல் சுவர் வரை எல்லா இடுக்குகளிலிருந்தும், ஒரே சமயத்தில் ஒரு கிழவரின் குரல் எழுந்தது. கோபமே இல்லை அதில்.

“ஜெயசீலி... ஒரு தடவ திருப்பிப் போடும்மா.”