சீவரத்தினத்துக்கு விட்ட பக்கம்

தேங்காய்ப்பால் சொதிக்கு மஞ்சள் எடுக்கப்போன செல்வநாயகி, பேணியைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முந்தாநாள் இடித்து வைத்த மஞ்சள் ஒரு கிள்ளுக்கூட மிச்சமில்லை. உடுப்புக்குப் போடுகிற நீலத்தையும் காணவில்லை. கறிக்கென்று வைத்த பீற்றூட் பிழிந்த சக்கையாய்ச் சுளகில் கிடந்தது.

"தவமணி! எங்கையடி உன்ரை மச்சாள்? சமையலுக்கு வச்சதெல்லாம் சாயம் கரைக்கவோ? இந்த வீட்டிலை மனிசர் சாப்பிடுறேல்லையோ?"

மகள் தவமணி சக்கையைச் சுளகோடு தூக்கி ஒதுக்கினாள். வாய் திறந்தால் மச்சாளுக்காகக் கதைக்க வேண்டிவரும். பிறகு அவளுக்கும் சேர்த்து அர்ச்சனை விழும்.

மருமகள் பத்மாசினி சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகம் எழுதுகிறவள். அவள் கதை எழுதுவாள். சித்திர வாத்தியாரான புருசன் சீவரத்தினம் படம் கீறுவான். தவமணி வர்ணம் தீட்டி நூலால் கட்டுவாள். சண்டை தொடங்கிக் கடதாசிக்கும் மைக்கும் தடை விழுந்த பிறகும் அவர்கள் விடவில்லை. தொண்ணூற்று மூன்று மாசியில், கலர் மை வாங்கி வருகிறேன் என்று நேவி சுடுகிற கிளாலிக் கடலால் இரவில் வள்ளமேறிக் கொழும்புக்குப் புறப்பட்ட சீவரத்தினம், போனவன் போனவன்தான். ஆறு மாதமாகக் கடிதமில்லை, சேதியில்லை. மருமகளின் புத்தகப் பைத்தியம்தான் மகனைக் கடலில் இறக்கியது என்று செல்வநாயகி எப்போதோ தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டாள். தப்பாமல் குளிசை விழுங்கிக்கொண்டிருந்தாலும் அவளுடைய நெஞ்சு வருத்தம், மகனை நினைத்தால் மட்டும் அந்த மருந்துக்கு அடங்காது.

நீலத்தைத் தேடி மருமகளின் மேசையைக் கிளறியபோதுதான் அந்தத் தாள் கையில் அகப்பட்டது. அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாள். ஓரமெல்லாம் கறுத்துத் தடித்த பூக்கரை. நடுவில் ஒரு வள்ளம். வள்ளத்தில் நிற்பவன்... அவள் மகன்! கீழே பெரிய எழுத்தில் 'சீவரத்தினம்' என்று பெயர்.

அந்தக் கரையைச் செல்வநாயகிக்குத் தெரியாதா? ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில் கையில் தருகிற கல்வெட்டின் கரையல்லவா அது! செத்தவரின் படமும் பெயரும் போட்டு அச்சடிக்கிற நினைவுப் புத்தகம்... உயிரோடு இருக்கிற பிள்ளைக்கா?

"அடி பாவி! என்ரை பிள்ளைக்குக் கல்வெட்டு அடிக்கிறியோ?"

கிணற்றடியிலிருந்து ஓடிவந்த பத்மாசினியின் கையெல்லாம் மஞ்சள்.

"மாமி... ஐயோ, அது கல்வெட்டில்லை. மிச்சப் பக்கங்களையும் பாருங்கோ..."

"என்னத்தைப் பாக்கிறது? ஒரு பிள்ளையைப் பெத்துத்தர வக்கில்லை... ஊர்ப் பிள்ளையளுக்குக் கதை எழுதுறாவாம்! மைக்கெண்டு அவனை அனுப்பினாய். இப்ப செத்துப்போனான் எண்டு முடிவும் கட்டிப்போட்டாய்! உனக்கு ஈவிரக்கமே இல்லையோ?"

ஏதோ சொல்ல வந்த பத்மாசினி தவமணியைப் பார்த்தாள், மாமியைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த அந்தத் தலையைக் கண்டதும் செல்வநாயகிக்கு ஆத்திரம் இரட்டிப்பானது. தாளைச் சுருட்டிக்கொண்டு, அச்சடிக்கிறவனையே கேட்கிறேன் என்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிச் சந்திக்கு நடந்தாள்.

அச்சகத்தில் கனகசபாபதி காலால் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடக் கொப்பியின் கோடு போட்ட தாள்கள் ஒவ்வொன்றாக வாய்க்குள் போய் வந்தன.

"நிப்பாட்டு தம்பி! ஆரைக் கேட்டு என்ரை மகனுக்குக் கல்வெட்டு அடிக்கிறாய்?"

மனிதர் திகைத்துப்போனார். தாளை வாங்கிப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்ரை பிழையக்கா, என்ரை பிழை! பிள்ளை கரை போட்டுத் தரச்சொல்லிக் கேட்டது. என்னட்டைக் கிடக்கிற கரை உது ஒண்டுதான். மூண்டு வருசமாய் நான் கல்வெட்டைத் தவிர வேறை என்னத்தை அடிச்சன்? இது படக்கதைப் புத்தகம். உங்கடை மகன்ரை பேர் போட்டது, முந்தி அவவின்ரை புத்தகங்களுக்குப் படம் கீறினவர் எண்டு. வள்ளத்துப் படத்தை உங்கடை மருமகள்தான் பூவரசம் பலகையிலை அச்சாய் வெட்டித் தந்தவ. இருந்து பாருங்கோ."

அவர் நீட்டிய புத்தகத்தைச் செல்வநாயகி வேண்டாவெறுப்பாகத் திறந்தாள். வர்ணங்களே இல்லாமல் போன ஓர் ஊர். வர்ணம் எடுத்து வரக் கடல் தாண்டிப் போகிறார் ஒரு வாத்தியார். அவர் வரும்வரை சும்மா இருப்பதா என்று பிள்ளைகள் தேடத் தொடங்குகிறார்கள். ஒருத்தி தோட்டத்தில் மஞ்சளைத் தோண்டுகிறாள். ஒருவன் பீற்றூட்டைப் பிழிகிறான். இன்னொருத்தி அம்மாவின் நீலத்தைக் கரைத்துக் கடல் செய்கிறாள்... பக்கம் திரும்பத் திரும்ப அவள் கண் விரிந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கிற வாய் ஒரு குழந்தையின் வாய்போலத் திறந்தபடியே இருந்தது. தன் அடுப்படியில் காணாமற்போன சாமான்கள் எல்லாம் இங்கே ஓர் ஊரையே எழுப்பிக்கொண்டிருந்தன!

கடைசிப் பக்கத்துக்கு வந்தாள். 'வாத்தியார் கரையில் இறங்கினார். அவர் கண்ட காட்சி...' அதற்குக் கீழே ஒன்றுமில்லை. கொப்பித் தாளின் வெறும் கோடுகள்.

"இதென்ன தம்பி, அச்சு அடிபடேல்லையோ?"

"நானும் கேட்டனான். 'அது அவர் வந்து கீறவேண்டிய படம், நான் தொடமாட்டன்' எண்டு சொல்லிப்போட்டா. முந்நூறு புத்தகத்திலையும் அந்தப் பக்கம் வெறும்பக்கம்தான்."

செல்வநாயகி அந்த வெறும்பக்கத்தைத் தடவினாள். செத்தவனுக்காக யார் பக்கம் விட்டு வைப்பார்கள்? ஊரெல்லாம் அவன் பெயரைச் சொல்லப் பயந்த நாளில், அவன் வருவான் என்று அச்சிலேயே ஏற்றி வைத்திருக்கிறாளே இந்தப் பெண்!

"கலர் மைக்கெண்டு அவனை அனுப்பாமல் இருந்திருந்தால்..." செல்வநாயகி புத்தகத்தை மூடினாள்.

"மைக்கோ? ஆர் சொன்னது? உங்கடை நெஞ்சுக் குளிசைக்கெல்லோ உங்கடை மகன் போனவர்! கொழும்பிலை என்ரை மச்சானுக்குக் கடிதத் துண்டு எழுதிக் குடுத்ததே நான்தான்..." கனகசபாபதி நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயையோ... உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவர்."

"அப்ப... இப்ப நான் போடுற குளிசை?"

"ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பிள்ளை விடிய மானிப்பாய்க்குச் சைக்கிள் உழக்கிறது ஊர் சுத்தவெண்டே நினைச்சனீங்கள்? ஆசுப்பத்திரியிலை கிழமைக்கெண்டு கிள்ளித் தாறதை லைனிலை நிண்டெல்லோ வாங்கி வருகுது."

செல்வநாயகி எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. படலையைத் தள்ளியதும் பத்மாசினி பயந்து எழுந்தாள். அந்த மஞ்சள் கைகள் இரண்டையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாமியார் கதறினாள்.

"என்னை ஏனடி பேசவிட்டனீ? ஆறு மாசம்... ஆறு மாசமாய் வாய்க்கு வந்தபடி திட்டினனே! ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"மாமி, தனக்காண்டி மகன் கடல் தாண்டினதெண்டு தெரிஞ்சால் அம்மா குளிசையைத் தூக்கி எறிஞ்சுபோடுவா எண்டு அவர் சொன்னவர்... நீங்கள் எறிவியள் எண்டு எனக்கும் தெரியும். பேச்சுத்தானே... வாங்கிக்கொண்டு இருந்திடலாம்."

எறிந்துதான் இருப்பாள். ஒரே கூரையின் கீழ் இவ்வளவு பெரிய மனதோடு ஒருத்தி நடமாடியதைத் தான் காணவே இல்லையே என்ற வியப்பில் செல்வநாயகி அவளைக் கட்டிக்கொண்டு நின்றாள். "என்ரை பிள்ளை... நீயெல்லோடி என்ரை பிள்ளை!" மஞ்சள் மாமியாரின் வெள்ளைச் சேலையெல்லாம் அப்பிக்கொண்டது.

அன்று சொதி மஞ்சளில்லாமல் வெள்ளையாகவே கொதித்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை. பின்னேரம் அச்சகத்திலிருந்து வந்த புத்தகக் கட்டைச் சுற்றி மூன்று பெண்களும் பாயில் இருந்தார்கள். கடலுக்கு நீலம் பூசும் வேலையைச் செல்வநாயகி பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். வள்ளத்தில் ஒரு துளியும் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினாள்.

தவமணி கடைசிப் பக்கத்தை விரித்து, தூரிகையை மஞ்சளில் தோய்த்தாள். "இந்த மூலையிலை ஒரு சூரியன் மட்டும் போடட்டே மச்சாள்?"

பத்மாசினி வாய் திறக்குமுன் செல்வநாயகியின் கை அந்தப் பக்கத்தை மூடியது.

"தொடாதையடி... அதை உன்ரை அண்ணை வந்து கீறுவான்."